எந்த எஞ்சின் போடலாம்?

மனிதர்களில் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று இரண்டே ரகம்தான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், மூன்றாவதாக ஒரு ரகம் நம்மிடையே நடமாடுவதைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. அவர்கள் முடிவெடுத்துக்கொண்டே இருப்பவர்கள். காலையில் பல் துலக்கும்போது ஒரு முடிவெடுப்பார்கள். உறுதியான முடிவு. இனி அதில் மாற்றமே கிடையாது. மாலைக்குள் அதைவிட உறுதியான இன்னொன்றை எடுத்துவிடுவார்கள். இவர்களில் சிலர் ஃபிரிட்ஜ் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள், அதற்குள் குளிர்காலம் வந்துவிடும். சிலர் சுவரில் பத்து நிற பெயின்ட்டைத் திட்டுத் திட்டாகப் பூசிப் பார்த்துவிட்டு, அந்தத் திட்டுகளோடேயே பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் தேடித் தேடி, கடைசியில் அந்தக் குழந்தையே பேசக் கற்றுக்கொண்டு தனக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொள்ளும்வரை தேடிய ஒருவரையும் எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த ரகத்தைக் கலப்படமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் ஒரு கார் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கார் நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே எஞ்சின் இருக்காது. எஞ்சின் இருக்க வேண்டிய பள்ளத்துக்குள் தலையை விட்டு ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லாத எஞ்சினில் என்ன பார்க்கிறார்? இடம் பார்க்கிறார். இவர்தான் எஞ்சின் மாற்றுபவர். "எந்த எஞ்சின் போடலாம்?" என்பது இவருடைய காலை வணக்கம், மாலை வணக்கம், இடையில் வரும் கொட்டாவி எல்லாம்.

நான் சொல்லப்போகிறவர் ஒரு மருந்துக் கடைக்காரர். கடைத்தெருவில் அவரை எல்லாரும் 'வி-எய்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு சிலிண்டர்கள் நாலு நாலாக இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் பெரிய எஞ்சினுக்கு அந்தப் பெயர். அதைத்தான் போடப்போவதாக அவர் முதன்முதலில் சொன்னார். பிறகு எத்தனையோ எஞ்சின்களைச் சொல்லிவிட்டார், பெயர் மட்டும் மாறவில்லை. அவருடைய வாழ்க்கையில் நிலையாக ஒட்டிக்கொண்டது அந்த ஒன்றுதான்.

தொழிலில் அவரை அசைக்க முடியாது. டாக்டர் கோழிக்கிறுக்கலாக எழுதியதை ஒரே பார்வையில் படித்து, அலமாரிப் பக்கம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிச் சரியான பெட்டியை எடுப்பார். 'இதுவா அதுவா' என்று யோசிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. உயிர் போகிற விஷயத்தில் ஒரு நொடியில் முடிவெடுக்கிற இந்த மனிதர், கார் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி ஆனார்?

எல்லாம் ஒரு பந்தயத்தைப் பார்த்ததால் வந்தது. பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடக்கும் பந்தயம். டிராக் ரேஸ் என்பார்கள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரியும். கால் மைல் தூரம் நேராக ஓட வேண்டும். யார் முதலில் போகிறாரோ அவர் ஜெயித்தார். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். இதில் குறைந்த செலவில் வீட்டிலேயே தயார் செய்த கார்களுக்கென்று தனியாக ஒரு பிரிவும் உண்டு. அதை வேலியோரம் நின்று பார்த்த நம்மவர் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடும்பக் காரின் எஞ்சினைக் கழற்றி, கேட்ட முதல் ஆளுக்கு விற்றுவிட்டார். அதுதான் இந்தக் கதையில் அவர் சட்டென்று எடுத்த ஒரே முடிவு. ஏன் இவ்வளவு அவசரம் என்று மனைவி கேட்டதற்கு, பழையது போனால்தானே புதியதற்கு இடம் வரும் என்றாராம்.

இடம் வந்தது. புதியதுதான் வரவில்லை.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க ஊராரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் பக்கத்திலிருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார். பஸ் டிரைவர் வேகமாகத் திருப்பினால் இவர் கால் தானாகத் தரையை அழுத்தும். முன்னால் நிற்பவரின் பாதம் அங்கே இருந்தால் அது அந்தப் பாதத்தின் விதி.

முதலில் வி-எய்ட் எஞ்சின். ஒரு மாதம் வீடு முழுக்க அதே பேச்சு. பிறகு அது முன்பக்கத்தில் ரொம்ப கனம் என்று தெரிந்தது. உடனே நாலு சிலிண்டர் எஞ்சினில் டர்போ. அந்த வாரத்தில்தான் நான் விடாத இருமலுக்கு மருந்து கேட்டு அவர் கடைக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் காத்துதான் சார். வெளிக்காத்தை அழுத்தி உள்ள தள்ளணும். உள்ள சூடு ஏறும், அதைத் தாங்குமாங்கறதுதான் கேள்வி" என்றார். நான் மருந்தைக்கூட வாங்காமல் கடையை விட்டு இறங்கினேன். அவர் பேசியது முழுக்க டர்போவைப் பற்றி, என் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

டர்போவுக்குப் பிறகு ஆறு சிலிண்டர். அது நீளம், பானெட்டுக்குள் அடங்காது. அப்புறம் மோட்டார் சைக்கிள் எஞ்சின். அது கையடக்கம், ஆனால் காரை இழுக்கும்போது மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்புறம் கிடங்குகளில் சாமான் தூக்கும் வண்டியிலிருந்து மின்சார மோட்டார். அதைப் பற்றி மூன்று நாள் பேசினார். நாலாவது நாள், சத்தமே வராத ஒன்றோடு தன்னால் வாழ முடியாது என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் ஒரு பெரிய உண்மையும் அவருக்குப் பிடிபட்டது. பழைய வண்டி உடைக்கும் யார்டில் எஞ்சின் மலிவாகத்தான் கிடைக்கிறது. ஆனால் அந்த எஞ்சினோடு இந்த கியர்பாக்ஸ் சேராது. கியர்பாக்ஸை மாற்றினால், அதிலிருந்து பின்சக்கரம் வரை போகிற தண்டு நீளம் போதாது. தண்டை மாற்றினால் பின்பக்க அச்சு அந்த இழுப்பைத் தாங்காது. அச்சை மாற்றினால் சக்கரம் வெளியே துருத்தும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். பெரிய ரேடியேட்டர் வைத்தால் ஹெட்லைட்டுக்கு இடமில்லை. இப்படியே போய்க் கடைசியில் பார்த்தால், பழைய காரில் மிச்சமிருப்பது கண்ணாடி துடைக்கும் வைப்பர் மட்டும்தான். இதைத்தான் இந்த உலகத்தில் 'குறைந்த செலவு' என்கிறார்கள்.

இந்த ரகத்துக்குத் தனியாக யோசிக்க வராது. சபை வேண்டும். நம்மவருடைய சபையில் இரண்டு பேர். ஒருவர் மெத்தைக் கடைக்காரர். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். வி-எய்ட் தன் கருத்தை மாற்றும்போதெல்லாம் முன்னதைவிடக் கொஞ்சம் பலமாக ஆட்டுவார். இன்னொருவர் மாமனார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற எஞ்சின்களோடு காலம் தள்ளியவர் என்பதால், கார் எஞ்சின்களை அவர் மதிப்பதில்லை. எந்த எஞ்சினைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்?"

"ஏழாயிரம் மாமா."

"நூறு சுத்துக்கு மேல சுத்தினா அது எஞ்சின் இல்ல மாப்பிள்ளை. மிக்ஸி."

அதோடு அன்றைய சபை கலையும்.

இப்படியே விட்டிருந்தால் அவர் சந்தோஷமாகவே இருந்திருப்பார். ஆனால் மாமனாருக்குக் கண்ணில் புரை வளர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கென்று பேய் மழை. டாக்சி எதுவும் வருவதாக இல்லை. வீட்டில் கார் இருக்கிறது. காரில் நான்கு சக்கரம் இருக்கிறது, மெத்தென்ற இருக்கை இருக்கிறது, கண்ணாடியில் வாசனைக்காகத் தொங்கவிட்ட அட்டைகூட இருக்கிறது. அந்தக் காரைத் தாண்டி, குடை பிடித்துக்கொண்டு, மெத்தைக் கடைக்காரரின் டெலிவரி வேனில் கிழவரை ஏற்றினார்கள். முன்னால், ஓட்டுகிற மெத்தைக் கடைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதில் வி-எய்ட் ஏறிக்கொண்டார். பின்னால் அடுக்கியிருந்த மெத்தைகளின் மேல் மாமனார் படுத்துக்கொண்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே இடிக்காமல் குனிந்தபடி வந்தார். கிழவருக்கு அந்தப் பயணம் ரொம்பப் பிடித்துப்போனது. கப்பலில்கூட இப்படிப் படுத்ததில்லை என்றாராம்.

மகளுக்குக் கோபமே வரவில்லை. மழை, நெரிசல், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது, முன்பக்கத்திலிருந்து கணவரின் குரல் கேட்டது. வேனை ஓட்டி வந்த மெத்தைக் கடைக்காரரிடம், இது ஏற்றத்தில் எந்த கியரில் இழுக்கும், எஞ்சின் எத்தனை கிலோ இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அந்த அம்மாளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கிழவர் ஒரு கண்ணில் கட்டோடு வீடு வந்து சேர்ந்த பிறகு, மனைவி வி-எய்ட்டை உட்கார வைத்துப் பேசினார். சத்தம் போடவில்லை. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவரிடம் பேசுகிற அதே நிதானம்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயம். நம்ம கார் அங்க போகுது. தூக்கிட்டுப் போற வண்டிக்குச் சொல்லிட்டேன். எஞ்சினோட போகுதா, எஞ்சின் இல்லாம போகுதாங்கறது உங்க பாடு. திங்கக்கிழமை நான் சொல்ற எஞ்சினைப் போட்டுடுவோம்."

அவர் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் அவர் மூன்று எஞ்சின்களை முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஓடுதளத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியுமா? தூக்கு வண்டியின் முதுகிலிருந்து கார் இறங்கியது. பின்னால் மெத்தை வேனிலிருந்து சபை இறங்கியது. பந்தயத்தை நடத்துகிறவர் ஒரு அம்மாள். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். விதி என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு, அதற்கு ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் காரைச் சுற்றி வந்து சோதனை போட்டார். எண்ணெய் ஒழுகுகிறதா? இல்லை. பெட்ரோல் கசிகிறதா? இல்லை. புகை? இல்லை. அளவுக்கு மீறிய சத்தம்? சுத்தமாக இல்லை. பிரேக் பிடிக்கிறது, சீட் பெல்ட் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு எந்தக் குறையும் இல்லாமல் தேறிய ஒரே கார் அதுதான்.

எஞ்சின் இல்லையே என்று பக்கத்தில் இருந்த ஒருவர் ஆட்சேபித்தார். அம்மாள் விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். கார் கோட்டில் நிற்க வேண்டும். பச்சை விளக்குக்கு முன்னால் நகரக் கூடாது. ஜெயித்த கார் எல்லைக் கோட்டைத் தாண்டியாக வேண்டும்.

"எஞ்சின் இருக்கணும்னு எங்கயும் போடல. தள்ளக் கூடாதுன்னும் போடல" என்றார். அவ்வளவுதான். தீர்ப்பு வந்துவிட்டது.

முதல் சுற்றில் எதிரே ஒரு இளைஞன். கார் முழுக்கத் தீச்சுவாலை வரைந்திருந்தான். எஞ்சினை உறுமவிட்டு உறுமவிட்டு நம்மவரைப் பயமுறுத்தினான். பதிலுக்கு நம்மவரிடம் உறும ஒன்றும் இல்லாததால் அமைதியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி அவனை என்னவோ செய்துவிட்டது. விளக்கு மாறுவதற்கு முன்பே பாய்ந்துவிட்டான். சிவப்பு விளக்கு. அவன் அவுட். நம் கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஜெயித்துவிட்டது.

ஆனால் ஜெயித்த கார் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டுமே? மனைவியும் மெத்தைக் கடைக்காரரும் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்கள். மாமனார் ஒற்றைக் கண்ணோடு பக்கத்தில் நடந்துகொண்டே, இடது பக்கம் மெதுவாக, இப்போது நேராக என்று கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்கிற மாதிரி உத்தரவு கொடுத்தார். கால் மைல் தூரத்தைக் கடந்து முடித்தபோது வேலியோரம் நின்ற கூட்டம் கைதட்டி ஓய்ந்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் கைதட்டியது.

இரண்டாம் சுற்றில் எதிரே நின்றது ஒரு வி-எய்ட். நம்மவர் கனவில் கண்ட அதே எஞ்சின், அதே மாதிரி சின்னக் காரில். அதைப் பார்த்ததும் அவர் பந்தயத்தையே மறந்துவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கியர்பாக்ஸ் எதில் எடுத்தது, தண்டை வெட்டி ஒட்டினீர்களா என்று எதிராளியிடம் விசாரிக்க ஆரம்பித்தார். உள்ளே உட்காருங்கள் என்று மனைவி அவர் ஹெல்மெட்டைப் பிடித்து உள்ளே தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. எதிர்க்கார் ஒரு துள்ளு துள்ளியது. அடியில் டமார் என்று ஒரு சத்தம். அந்தத் தண்டு முறிந்து தரையில் கிடந்தது. எஞ்சின் மட்டும் சிங்கம் மாதிரி கர்ஜித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில் நம் கார் சத்தமில்லாமல், மனைவி தள்ளத் தள்ள, தாண்டிப் போயிற்று.

இப்படியாக, எஞ்சின் இல்லாத ஒரு கார் இறுதிச் சுற்றுக்கு வந்தது. இதை நம்புவதற்கு உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா? வெயிட்டே இல்லாத காருக்குத்தான் எப்போதும் வாய்ப்பு அதிகம் என்று தான் அப்போதே சொன்னதாக வி-எய்ட் தன் சபையிடம் விளக்கிக்கொண்டிருந்தார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. மெத்தைக் கடைக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினார்.

இறுதிச் சுற்றில் எதிரே ஒரு டாக்சிக்காரர். அவருடைய டாக்சியையே கொண்டுவந்திருந்தார். கூரை மேல் விளக்கைக்கூடக் கழற்றவில்லை. வழியில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு வந்ததாகக் கேள்வி. அவர் பதற்றப்படுகிற ரகம் இல்லை, அவருடைய டாக்சியும் உடைகிற ரகம் இல்லை. இந்த முறை அதிர்ஷ்டம் கை கொடுக்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மனைவி காருக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். பத்து வருடமாகச் சிக்னலைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களிடம் "இப்ப எடுங்க" என்று சொன்ன கண் அது. பச்சை எரிந்த அதே நொடியில் தள்ளினார். டாக்சிக்காரர் கியரைப் போடுவதற்குள் நம் கார் நகர்ந்துவிட்டது. மூன்றடி, நாலடி, முன்னால் இருந்தது நம் கார்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்திருந்த வி-எய்ட், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்த மனைவி, எஞ்சின் சத்தத்தை அவர் வாயாலேயே போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாராம். ஆனால் கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லையே என்று தோன்றி, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாராம்.

அதற்குள் டாக்சி அவர்களைத் தாண்டிப் போனது. இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, மரியாதையாகத்தான் போனது.

பரிசு கொடுத்தவர் அந்தப் பழைய வண்டி உடைக்கும் யார்டுக்காரர். ஜெயித்தவருக்குச் சுத்தமாகத் துடைத்துப் பளபளப்பாக்கிய ஒரு டர்போ எஞ்சினை அங்கேயே ஒப்படைத்தார். இரண்டாவதாக வந்தவருக்கு, யார்டில் இருக்கிற எந்த எஞ்சினை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கொடூரமான மனிதர் இல்லை அவர், தெரியாமல் செய்துவிட்டார். வி-எய்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டினி கிடந்தவனை விருந்துக்கு அழைத்து, ஒரே ஒரு கவளம்தான் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை யார்டு திறந்ததும் கணவனும் மனைவியும் போய் நின்றார்கள். தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக எஞ்சின்கள். வி-எய்ட் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டேப்பை நீட்டி அளந்தார். ஒன்றின் முன்னால் முழங்காலிட்டார், எழுந்தார், பக்கத்ததைப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடி முதலாவதைப் பார்த்தார். வெயில் கூரைக்கு மேலே ஏறிவிட்டது. யார்டுக்காரர் இரண்டு முறை டீ வரவழைத்தார்.

மனைவி எழுந்து யார்டுக்காரரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதைப் போட்டா வேற எதையும் மாத்த வேண்டாம்?"

யார்டுக்காரருக்கு இப்படியொரு கேள்வி புதிது. நம்மவர் இத்தனை காலமாக வந்து போகிறார், எந்த எஞ்சின் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சீறும் என்று கேட்டிருக்கிறார், இதைக் கேட்டதில்லை. அவர் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினார். பால் ஏற்றிப்போகும் சின்ன வேனிலிருந்து கழற்றியது. அந்த வேனையும் இவர்களுடைய காரையும் செய்தது ஒரே கம்பெனி. முன்னால் இருந்ததைவிடச் சற்றே பெரியது, அதே கியர்பாக்ஸில் உட்கார்ந்துகொள்ளும், அதே துளைகளில் போல்ட் ஏறும்.

"இதைத் தூக்குங்க" என்றார் மனைவி.

"ஒரு வாரம் டைம் கொடும்மா" என்றார் வி-எய்ட். கெஞ்சலாகத்தான் கேட்டார்.

"எதுக்கு?"

 வரிசையை ஒருமுறை பார்த்தார். "போட்டாச்சுன்னா அப்புறம் இதுல எதையும் பத்தி நினைக்க முடியாதே."

 மனைவி போய் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நினைச்சுக்குங்க. யாரு வேண்டாம்னா? கார்ல போய்க்கிட்டே நினைங்க."

மெக்கானிக் வந்தார், எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கினார், கட்டவிழ்த்த கண்ணோடு மாமனார் மேற்பார்வை பார்த்தார். அந்த வார இறுதிக்குள் கார் கிளம்பிவிட்டது. சிங்கமும் கர்ஜிக்கவில்லை, ஒன்றும் இல்லை. விடிகாலையில் தெருவில் பால் வண்டி வந்து நிற்கிற சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் பாத்திரத்தோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மனைவி அதில் வேலைக்குப் போனார், வந்தார். பஸ்ஸில் பயணம் செய்கிறவர்களின் பாதங்கள் தப்பித்தன. அடுத்த பந்தயத்துக்கு வி-எய்ட் தானே ஓட்டிக்கொண்டு போனார். முதல் சுற்றிலேயே தோற்றார். எஞ்சின் இல்லாமல் இறுதிச் சுற்றுவரை போனவர், எஞ்சினோடு போய் முதல் சுற்றில் தோற்றார். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கால் மைலையும் யாரும் தள்ளாமலே ஓட்டி முடித்து, அதே காரில் மனைவியையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு சில வாரம் அவர் அவராக இல்லை. கடைக்குப் போனால் மாத்திரையைக் கொடுத்தார், சில்லறையைக் கொடுத்தார், மூச்சைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை. எனக்கே கஷ்டமாக இருந்தது. கேட்பதற்குக் கேள்வி இல்லாத மனிதன் எவ்வளவு சீக்கிரம் வயதாகிப்போகிறான் தெரியுமா? சபை கூடியது, கூடி உட்கார்ந்தது, பேச எதுவும் இல்லாமல் மெத்தைக் கடைக்காரர் வெறும் காற்றுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒருநாள் அந்த டாக்சிக்காரர் முதுகுவலிக்குத் தைலம் வாங்க வந்தார். தைலத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். கொஞ்சம் தயங்கினார். பரிசாக வந்த டர்போ எஞ்சின் வீட்டு வராந்தாவில் சும்மா கிடக்கிறது என்றார். சும்மா கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை என்றார். அதனால் டாக்சியின் எஞ்சினைக் கழற்றிவிட்டதாகவும், கழற்றிய பிறகுதான் அந்த டர்போ இதற்குச் சரிவராதோ என்று ஒரு சந்தேகம் வந்திருப்பதாகவும் சொன்னார்.

"நீங்க இதுல ரொம்ப அனுபவம் உள்ளவரு. எந்த எஞ்சின் போடலாம் சார்?"

வி-எய்ட் கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் ரத்தம் ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு டாக்சிக்காரரை உட்காரச் சொன்னார். அன்றைக்கு மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் அடுத்த தெருக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. ஓடிக்கொண்டிருந்த ஒரு நல்ல டாக்சி, நிதானத்துக்குப் பெயர்போன ஒரு நல்ல மனிதர், இரண்டும் அன்றோடு நின்றுவிட்டன.

இது தொற்றிக்கொள்கிற வியாதி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களுக்கு இதெல்லாம் சம்பந்தமில்லை என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, கார்ப் பந்தயத்தின் பக்கமே போனதில்லை. நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அந்த அம்மாள் யார்டில் பால் வேன் எஞ்சினைத் தூக்கச் சொன்னபோது, 'அவசரப்பட்டுவிட்டாரே, அந்த ஆறு சிலிண்டரையே எடுத்துக்கொண்டு பானெட்டைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாமே' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா இல்லையா?

தோன்றியதென்றால், தயவுசெய்து இன்று முழுக்க ஸ்பானர் எதையும் கையால் தொடாதீர்கள்.